தோருக்குப் பல்லுக் கொழுக்கட்டை

எங்கள் குடும்பத்தில் பிறந்தநாளுக்குத் 'தீம்' கேட்ட முதல் ஆள் என் பேரன்தான். போன வருஷம் டைனோசர். இந்த வருஷம் ஏழு முடிகிறது, ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துச் சாமிகள் வேண்டுமாம். ஒற்றைக்கண் ஓடின், சம்மட்டி தூக்கிய தோர், கலகம் மூட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட லோகி. செம்பூரில் எங்கள் சொசைட்டி ஹாலைப் பதிவு செய்ததோடு மகளின் வேலை முடிந்தது. "மத்ததெல்லாம் நீ பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டாள். பார்ட்டி நடத்திக் கொடுப்பவர்கள் கேட்ட தொகைக்கு என் காலத்தில் மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம். சரி, நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதைக் கையில் எடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எனக்கு வேலை ஓடாது. பார்த்தவரைக்கும் சொல்கிறேன்: அந்த ஹாலில் அன்று இருக்கப்போகிறவற்றில் நமக்கு ரொம்ப அந்நியமானது தோர் அல்ல, கேக்கின் மேல் எரியும் மெழுகுவர்த்திதான். அதுவும் ஒரு கோணத்தில் அப்படியொன்றும் அந்நியமில்லை.

தமிழில் பிறந்தநாள் முதலில் அரசனுடையது. தொல்காப்பியம் அதைப் பெருமங்கலம் என்கிறது. அன்று அரசன் வெள்ளாடை உடுத்துவான், சிறையில் இருப்பவர்களை விடுவான். ராஜராஜன் பிறந்த சதயத்துக்குக் கோயில்களில் விழா எடுத்த செய்தி கல்வெட்டிலேயே இருக்கிறது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு என்ன இருந்தது? நட்சத்திரம் இருந்தது. பிறந்த தமிழ் மாசத்தில் அந்த நட்சத்திரம் வரும் நாளில் எண்ணெய் தேய்த்துக் குளியல், கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை, வீட்டில் பாயசம். அவ்வளவுதான். மாசத்தில் இரண்டு தடவை அந்த நட்சத்திரம் வந்தால் பின்னதை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கெல்லாம் அம்மாவும் பாம்புப் பஞ்சாங்கமும் சேர்ந்து பார்த்துக்கொண்ட விவகாரம். பிறந்தவருக்குக் காலையில் தலையில் எண்ணெய் வைக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

அந்தக் கணக்கைக் கலைத்தது பம்பாய். 1896இல் இந்த நகரத்தில் பிளேக் வந்தது. வீடுகளின் நெரிசல்தான் காரணம் என்று 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தார்கள். தாதருக்கும் மாட்டுங்காவுக்கும் பக்கத்தில் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை மனை பிரித்து, தெரு போட்டு, மரம் வைத்தது அந்த டிரஸ்ட். ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொண்டு பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலியிலிருந்து ரயிலேறிய குமாஸ்தாக்களுக்கு அந்த மனைகளில் எழுந்த கட்டடங்கள் வசதியாகப் போயின. என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். குமாஸ்தா வந்த இடத்துக்கு மெஸ் வந்தது, பூக்கடை வந்தது, ஆஸ்திக சமாஜம் வந்தது. 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி வந்தது. பள்ளிக்கூடம் வந்தால் அட்மிஷன் பாரம் வரும். பாரத்தில் ஆயில்யம், கேட்டை என்று எழுத முடியாது, தேதி வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயசு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஜூன் 1ஆம் தேதி பிறந்தவர்களாக ஆக்கப்பட்டவர்கள் என் தலைமுறையில் எத்தனையோ பேர். என் வகுப்பிலேயே ஒரு வரிசை முழுக்க அன்று எழுந்து நிற்கும்.

ஆக ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்தநாள் ஆயிற்று. நட்சத்திரத்துக்குப் பாயசம், தேதிக்கு வகுப்பில் சாக்லேட். பார்லே கம்பெனியின் பாப்பின்ஸ் உருளையைப் பிரித்து ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்தவர்களை நாங்கள் பணக்காரர்கள் என்று நினைத்தோம்.

கேக் எங்கள் வீட்டுக்கு எழுபதுகளில் வந்தது. கொண்டுவந்தது தம்பியின் பிடிவாதம். முட்டை போட்டதா என்ற கேள்வியில் ஒரு வருஷம் தள்ளிப் போனது. குஜராத்திகளும் ஜைனர்களும் சூழ்ந்த ஊர் என்பதால் முட்டை போடாத கேக்கும் இங்கே கிடைத்தது. அம்மாவின் அடுத்த ஆட்சேபம் நியாயமானது: பிறந்த அன்றைக்கு விளக்கை ஊதி அணைப்பதா? கடைசியில் மேஜையின் ஒரு மூலையில் குத்துவிளக்கை ஏற்றி வைத்து, "அதை ஊதுறதுன்னா ஊதுங்க, இதுகிட்ட ஒருத்தரும் வரப்படாது" என்று சொன்னாள். அந்த ஏற்பாட்டோடு ஒரு போட்டோ இருக்கிறது. தம்பியின் கன்னம் உப்பியிருக்கிறது, பின்னால் காலண்டர் தெரிகிறது, அதில் ஆண்டு தெரியவில்லை. தட்டில் இருந்தவை எல்லா பம்பாய்வாசிகளுக்கும் மனப்பாடம்: ஒரு துண்டு கேக், ஒரு சமோசா, ஒரு கைப்பிடி வேஃபர்ஸ். பக்கத்தில் கோல்ட் ஸ்பாட், சில வருஷம் கழித்து ராஸ்னா. தமிழ், மராட்டி, குஜராத்தி, சிந்தி என்று எந்த வீட்டுக்குப் போனாலும் அதே தட்டு. நகரம் தானாகச் செய்துகொண்ட பொதுச் சடங்கு அது.

மெழுகுவர்த்திக்கு வருகிறேன். பிறந்தநாள் கேக்கில் வயசுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி குத்தியதைப் பற்றிய பழைய குறிப்புகளில் எல்லோரும் காட்டுவது 1746ஆம் ஆண்டினுடையது. ஜெர்மனியில் ஸின்ஸென்டார்ஃப் என்ற பிரபுவின் பிறந்தநாள். இவர் மொராவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ சபையின் தலைவர். 1760இல் அந்தச் சபைக்காரர்கள் கப்பலேறி வந்து இறங்கிய இடம் தரங்கம்பாடி. பொறையாறு பக்கத்தில் தோட்டம் போட்டு, கைத்தொழில் செய்து, நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் அங்கே கேக் வெட்டினார்களா என்பதெல்லாம் வேறு விஷயம். எங்கோ இருக்கிற சங்கதி என்று நாம் நினைப்பது காவிரி கடலில் சேரும் பகுதியில் வந்து நிற்கிறது, எனக்கு அது போதும்.

தரங்கம்பாடி என்றதும் தோர் விஷயமும் சேர்ந்துகொள்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அந்தக் கடற்கரையை டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானின் ஆட்களுக்குக் கொடுத்தார். தங்கத் தகட்டில் தமிழில் பொறித்து அவர் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. டென்மார்க்குக்கு மட்டும் அரசரல்ல கிறிஸ்டியான், நார்வேயும் ஐஸ்லாந்தும் அவருக்குக் கீழேதான் இருந்தன. இன்றைய ஆஸ்லோ நகரத்துக்கு 1624இல் தன் பெயரையே வைத்தவர். தோர் கதைகளைக் காப்பாற்றிய ஐஸ்லாந்துக்கும் தரங்கம்பாடிக்கும் அப்போது ஒரே ராஜா.

அதோடு நிற்கவில்லை. யோன் ஓலஃப்ஸன் என்று ஓர் ஐஸ்லாந்துக்காரர், அரசரின் படையில் பீரங்கி வீரர். 1622இல் கோபன்ஹேகனில் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தார். டான்ஸ்போர்க் கோட்டையில் வேலை பார்த்தார். வெடிமருந்து வெடித்துக் கையில் பலத்த காயத்தோடு ஊர் திரும்பினார். 1661இல், வயசான காலத்தில், நினைவுகளை ஐஸ்லாந்து மொழியில் எழுதிவைத்தார். அவர் ஊரில் அவருக்கு இன்றுவரை பெயர் 'இந்தியாவுக்குப் போன யோன்'. தோரின் கதைகளை எழுதிவைத்த நாட்டில் பிறந்து, சோழநாட்டுக் கடற்கரையில் வெயிலில் காய்ந்த மனிதர். பேரனுக்கு இவர் கதையைத்தான் முதலில் சொன்னேன். "அவர் தோரைப் பாத்திருக்காரா பாட்டி?" என்று கேட்டான். அவர் ஐஸ்லாந்தில் வளர்ந்தபோது அந்த ஊர் கிறிஸ்தவ ஊராகி அறுநூறு வருஷம் ஆகிவிட்டது, தோர் ஏட்டில் மட்டும்தான் இருந்தார் என்று சொன்னேன்.

ஏட்டில் இருந்ததுகூட நூலிழையில்தான். 1220 வாக்கில் ஸ்னோரி ஸ்டர்லுசன் என்ற ஐஸ்லாந்துப் புலவர், கவிதை எழுத வருகிறவர்களுக்குப் பழைய சாமி கதை தெரியவில்லையே என்று உரைநடையில் தொகுத்தார். பழம்பாடல்கள் இருந்த தோல் சுவடி ஒன்று 1643இல் ஒரு பிஷப் கைக்கு வந்து சேர்ந்தது. 1662இல் டென்மார்க் அரசருக்குக் காணிக்கையாகப் போனது. 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது. சுவடியை வரவேற்கத் துறைமுகத்தில் கூட்டம் கூடியதாம். உ.வே.சா. சுவடி தேடி அலைந்த கதையைப் படித்த யாருக்கும் இது புரியும்.

பக்கத்து வீட்டு மாமிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "நம்ம கதையே குழந்தைகளுக்குத் தெரியாது, இதுல வெள்ளைக்காரன் சாமி வேறயா?" என்றார். இந்தக் கேள்வியும் பம்பாய்க்குப் பழசு. 1967இல் டெல்லியில் ஒரு டெலிவிஷன் வினாடி வினாவில் கிரேக்கக் கடவுள்களைப் பற்றிக் கேட்டால் சொன்ன பிள்ளைகள், ராமனின் தாயார் பெயர் கேட்டதும் முழித்தார்கள். அதைப் பார்த்த அனந்த் பை, 1964 முதல் வேதாளன் கதைகளை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸில் இதே பம்பாயில் வேலை பார்த்தவர். அந்த ஆத்திரத்தில்தான் அமர் சித்ர கதா பிறந்தது என்பார்கள். அதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு: முதல் பத்து இதழ்கள் சிண்ட்ரெல்லா மாதிரி மேல்நாட்டுக் கதைகள். கிருஷ்ணன் வந்தது பதினொன்றாவது இதழில்தான். அதாவது வெளியூர்க் கதை விற்ற கடையில்தான் கிருஷ்ணனுக்கும் இடம் கிடைத்தது. ஒன்று வந்தால் இன்னொன்று ஓடிவிடும் என்று நான் நம்பவில்லை. மாமியின் பேத்தியும் விருந்துக்கு வருகிறாள், லோகி வேஷம்.

வேஷம் என்றால் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். அங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். அந்தக் காலத்து வீரர்கள் கொம்பு வைத்துக்கொண்டதே இல்லை. நார்வேயில் 1943இல் தோண்டியெடுத்த தலைக்கவசத்தில் கண்ணையும் மூக்கையும் சுற்றி மறைக்கும் தகடு உண்டு, கொம்பு கிடையாது. கொம்பைப் பிரபலமாக்கியது 1876இல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வரைந்த டோப்ளர் என்ற ஓவியர். ஒரு நாடகத் தையல் ஒரு இனத்தின் தலையிலேயே ஏறிவிட்டது. நமக்கும் அதே கதைதான். சரஸ்வதியும் லக்ஷ்மியும் இப்படித்தான் புடவை கட்டுவார்கள் என்று நாம் அடித்துச் சொல்வது, 1894இல் இதே பம்பாயின் கிர்காவ்னில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் வீடு வீடாக அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான். ராமானந்த் சாகரின் டிவி ராமாயணத்துக்கு உடை கொடுத்தவர்களும் இந்த ஊர் மகன்லால் டிரஸ்வாலாதான். சாமிக்குத் துணி தைத்துத் தருவதில் பம்பாயை அடித்துக்கொள்ள ஊர் இல்லை.

ஆகவே கொம்பு வேண்டாம், தோல் பட்டை போதும் என்று முடிவாயிற்று. தோலுக்குத் தாராவியை விட்டால் வேறு இடம் ஏது? பாந்திராவில் ஆட்டுத்தொட்டி இருந்த காலத்தில் அதன் தோல் வந்து விழுந்த இடம் தாராவி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலை நடத்தினார்கள், வேலைக்குத் தெற்கத்திச் சீமையிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1971இல் ஆட்டுத்தொட்டி தேவனாருக்குப் போனது. பதனிடுதலும் நாளடைவில் ஊரைவிட்டு வெளியேறியது. பை, பெல்ட், பர்ஸ் தைக்கிற கை மட்டும் தாராவியிலேயே தங்கிவிட்டது.

நான் போன பட்டறை ஏணி வைத்து ஏற வேண்டிய மாடி. கீழே பசை வாசனை, மேலே ஃபேன் காற்றில் தோல் தூள். மிச்சம் விழும் துண்டுகளைக் கிலோ கணக்கில் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். பேச்சைக் கேட்டதுமே தென்காசிப் பக்கம் என்று தெரிந்தது. "அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு இடுப்புப் பட்டை, இருபது வேணும்" என்று சொல்லி, செல்போனில் தோர் படத்தைக் காட்டினேன். தோருக்குச் சம்மட்டி மட்டும் போதாது. பலத்தை இரட்டிப்பாக்கும் இடுப்புப் பட்டை ஒன்று உண்டு, சம்மட்டியைப் பிடிக்க இரும்புக் கையுறையும் உண்டு. அண்ணாச்சி படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது யாருக்கா, நம்ம சுடலமாடன் கணக்கால்லா இருக்காரு?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணாச்சி. இவருக்கும் கெடா உண்டு. ஆனா வெட்டித் தின்னுட்டுத் திருப்பி எழுப்பிருவாரு."

"அப்ப நல்ல சாமிதான்."

கணக்குப் பேசியபடியே அரைவட்டக் கத்தியால் ஒரு துண்டை நீளவாக்கில் சீவினார். கத்தியைத் தள்ளவில்லை, கத்தி நின்ற இடத்தில் நிற்க, தோலை அதன்மேல் உருட்டினார். ஓரம் நூல் பிடித்த மாதிரி வந்தது. துளை போடும் இரும்பை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு, துளை. "குழந்தைக்கு இரும்பு பக்கிள் வேண்டாம்க்கா, குத்திரும்" என்று தோல் வாரையே கட்டிக்கொள்ளும்படி செய்து கொடுத்தார். குள்ளர்கள் தோருக்குச் சம்மட்டி அடிக்கும்போது லோகி ஈயாக வந்து கண்ணிமையில் கடிக்க, கைப்பிடி குட்டையாகப் போன கதையைச் சொன்னேன். பட்டறையில் இருந்த பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு அந்தக் கதை உடனே பிடித்துப் போகிறது.

சம்மட்டியைத் தெர்மோகோலில் செய்யலாம் என்று யோசனை வந்தது. 2018இல் மகாராஷ்டிராவில் அலங்காரத் தெர்மோகோலுக்குத் தடை வந்ததிலிருந்து அது நடவாது. பழைய அட்டைப் பெட்டி, மேலே செய்தித்தாள், மைதாப் பசை, சாம்பல் நிறப் பெயின்ட். அலங்காரம் என்றதும் கணபதிப் பந்தல் நினைவுக்கு வருகிறது; இந்த ஊரில் 'தீம்' என்பதை நாங்கள் முதலில் பார்த்தது அங்கேதான். எழுபதுகளில் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் வரதராஜ முதலியார் போட்ட பந்தலைப் பார்க்க நகரமே வரும். அவரை நிழல் உலகத் தாதா என்று ஊர் சொன்ன கதைகள் எங்களுக்கு அப்போது தெரியாது. பந்தல் விளக்குகள்தான் தெரியும்.

விளையாட்டு, பலூன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா விருந்திலும் உள்ளதுதான். நான் மெனக்கெட்டது கதைக்கும் சாப்பாட்டுக்கும். இரண்டு கதை சொல்லப் போகிறேன். ஒன்று, சம்மட்டியைத் திருடிய அரக்கன் த்ரிம், ஃப்ரேயா தேவியைக் கல்யாணம் செய்து கொடுத்தால் திருப்பித் தருவேன் என்கிறான். தோரே மணப்பெண் வேஷம் கட்டிப் போகிறார். பந்தியில் ஒரு முழு மாட்டையும் எட்டு மீனையும் தின்ற மணமகளைப் பார்த்து மாப்பிள்ளை மிரள்கிறான். உங்களைப் பார்க்கும் ஆசையில் எட்டு நாளாகப் பெண் சாப்பிடவில்லை என்று தோழியாக வந்த லோகி சமாளிக்கிறான். கூத்தில் கீசகனுக்காகப் பெண் வேஷம் கட்டும் பீமனைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று அந்த ஆட்டுக் கதை. தன் தேரை இழுக்கும் இரண்டு கிடாய்களையும் அறுத்துக் குடியானவன் வீட்டில் விருந்து வைக்கிறார் தோர். எலும்பு உடையாமல் தோலின்மேல் போடுங்கள், காலையில் எழுப்பிவிடுவேன் என்கிறார். தியால்ஃபி என்ற பையன் மஜ்ஜையை உறிஞ்ச ஆசைப்பட்டு ஒரு எலும்பை உடைத்துவிடுகிறான். காலையில் எழுந்த கிடாய் நொண்டுகிறது. குழந்தைகளுக்குக் கொடூரமாக இருக்காதா என்று மகள் கேட்டாள். திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் கறியாக்கிய பிள்ளை சீராளன் கூப்பிட்டதும் ஓடி வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாட்டில்தான் எனக்குப் பெரிய லாபம். அந்தப் பழைய வடக்கத்தியர் வயசைக் குளிர்காலக் கணக்கில் எண்ணினார்கள், இத்தனை குளிர்காலம் கண்டவன் என்று. குழந்தைக்கு அவர்கள் வைத்திருந்த ஒரு வழக்கம், முதல் பல் முளைத்தால் பரிசு கொடுப்பது. ஃப்ரேய் என்ற தேவனுக்குப் பல் முளைத்தபோது ஒரு உலகத்தையே பரிசாகக் கொடுத்தார்களாம். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்தில் முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை அவித்து, பல் மாதிரி தேங்காய்ச் சொட்டு பதித்து, குழந்தையின் தலையில் மெல்லச் சொரிவார்கள். நம் பக்கத்திலும் பல்லுக் கொழுக்கட்டை உண்டு. என் பேரனுக்கு இப்போது பால் பல் விழுந்து முன்னால் இரண்டு பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. வேறென்ன காரணம் வேண்டும்? கேக்கோடு பல்லுக் கொழுக்கட்டையும் உண்டு. மூலையில் குத்துவிளக்கும் உண்டு, அதை யாரும் ஊதக் கூடாது. நட்சத்திரப் பிறந்தநாள் அதற்கு ஒன்பது நாள் கழித்து வருகிறது. அன்றைக்கு சேடா நகர் முருகன் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம்.

கடைசியாக நூலகக்காரியின் ஒரு வேண்டுகோள். பிளேக் காலத்து டிரஸ்டின் அறிக்கைகளைத் தேடினால் படிக்கலாம், ஐஸ்லாந்துப் பீரங்கிக்காரர் எழுதியதும் அச்சில் இருக்கிறது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம் வீடுகளில் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் பிறந்தநாள் எப்படி நடந்தது என்பதற்கு நம் ஆல்பங்களை விட்டால் பெரிய சாட்சி இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே ஆண்டு, இடம், யார் யார் என்று கேட்டு, படத்தின் பின்பக்கம் எழுதிவையுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தில் வந்து நிற்கும்.